ஷிராஸில் நூற்றுக்கு நான்கு வியோனியே: புதுச்சேரியில் ஒரு கலவைச் சோதனை

நாசிக் ஷிராஸ் ஒயினில் வியோனியே என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயினைப் பல அளவுகளில் கலந்து பார்த்ததில், நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் சிவப்பு ஒயின் தன் நிறத்தையும் கனத்தையும் விட்டுக்கொடுக்காமல் வாசனையில் மட்டும் ஒரு படி மேலே போயிற்று. இரண்டு சதவீதத்தில் வித்தியாசத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டில் வெள்ளை ஒயின் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. இருபதில் அது சிவப்பு ஒயினாகவே இல்லை. இந்த முடிவுக்கு வந்த வழியையும், அதற்கு ஆன செலவையும், நிறத்தைப் பற்றிய என் எதிர்பார்ப்பு பொய்த்துப்போன காரணத்தையும் வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையைச் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில் ஆம்பூய் ஊரைச் சுற்றியுள்ள செங்குத்துச் சரிவுகளில் விளையும் கோத்-ரோத்தி ஒயின் அப்படிப்பட்டதுதான். அங்கே சிரா என்று சொல்லப்படும் திராட்சையும் நாம் ஷிராஸ் என்று சொல்வதும் ஒன்றே. அந்தச் சிராவோடு 20 சதவீதம் வரை வியோனியே சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் பெரும்பாலான தோட்டக்காரர்கள் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை. சிலர் அறவே சேர்ப்பதில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டு பழங்களும் ஒரே தொட்டியில் சேர்ந்து நொதிக்க வேண்டுமே தவிர, தனித்தனியாகத் தயாரான ஒயின்களைப் பிறகு கலக்கக் கூடாது.

இந்த நிபந்தனையை என்னால் நிறைவேற்ற முடியாது. புதுச்சேரியில் சிராவும் விளைவதில்லை, வியோனியேவும் விளைவதில்லை. கலால் உரிமம் இல்லாமல் வீட்டில் பழத்தை நொதிக்க வைக்கும் எண்ணமும் எனக்கில்லை. ஆகவே கடையில் வாங்கிய இரண்டு ஒயின்களை மேசையில் அளந்து கலந்து, இந்தச் சேர்க்கை நாக்கிலும் மூக்கிலும் என்ன செய்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். லியோனில் நெடுங்காலமாக வசிக்கும் என் சித்தப்பா மாசி மாதத்தில் ஊருக்கு வரும்போது ஒரு கோத்-ரோத்தி கொண்டுவருவதாகச் சொன்னதால், ஒப்பிட்டுப் பார்க்க அசலான ஒரு பாட்டிலும் கிடைக்கவிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவர் 2 லிட்டர் வரை மதுவகையைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் அதில் சிக்கல் எதுவும் இல்லை.

ஷிராஸ் மூன்று பாட்டில் வாங்கினேன். மூன்றும் ஒரே ஆண்டு அறுவடை, ஒரே தொகுதி எண். இதைக் கடையிலேயே பார்த்து எடுப்பது மிகவும் முக்கியம். பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபட்டால் பிறகு எந்த ஒப்பீடும் செல்லாது. விலை ஒன்று 880 ரூபாய். வெள்ளையில் செனின் பிளாங்க் உடனே கிடைத்தது, 760 ரூபாய். வியோனியே எங்கள் பகுதிக் கடைகளில் இருப்பில் இல்லை. மிஷன் வீதிப் பக்கம் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்ததில், நந்தி மலைப் பகுதியில் தயாரான ஒரு பாட்டிலை வரவழைத்துக் கொடுத்தார், 1,240 ரூபாய். ஆக ஒயினுக்கு மட்டும் 4,640 ரூபாய்.

கருவிகளில் முதலாவது கிண்ணம். ருசி பார்ப்பதற்கென்றே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1977-இல் வரையறுத்த வடிவம் ஒன்று இருக்கிறது. வயிறு அகன்று, வாய் குறுகி, சுமார் 215 மி.லி. கொள்ளும். அதில் 50 மி.லி. ஊற்றினால் போதும், மேலே உள்ள வெற்றிடத்தில் வாசனை தங்கும். ஆறு கிண்ணம் 1,500 ரூபாய். 50 மி.லி. அளவு உருளை 180 ரூபாய், சமையல் வெப்பமானி 250 ரூபாய், கையடக்க அமிலமானி 1,100 ரூபாய், கலவையைத் தேக்கி வைக்க 200 மி.லி. பழுப்புக் கண்ணாடி பாட்டில் பத்து 200 ரூபாய்.

வெள்ளை ஒயினை அளக்க மருந்துக்கடையில் 5 மி.லி. சிரிஞ்சுகள் வாங்கினேன், மலிவு, கோடுகளும் 0.2 மி.லி.க்கு ஒன்றாகத் தெளிவாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் முனையோடு ஒயின் சில நிமிடங்கள் ஒட்டியிருந்தாலே புது ரப்பர் செருப்பின் நெடி ஏறிவிடுகிறது. கலவையில் சேர்ந்த பிறகு அது தெரியாது என்று விட்டுவிட முடியாது; நான் தேடுவதே நூற்றில் இரண்டு பங்கு வாசனையைத்தான். ஆகவே சிரிஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, பள்ளிகளுக்கு அறிவியல் கருவி விற்கும் கடையில் 10 மி.லி. கண்ணாடிப் பிப்பெட்டும் உறிஞ்சுகுமிழும் 180 ரூபாய்க்கு வாங்கினேன். இதில் கோடு 0.1 மி.லி.க்கு ஒன்று. ஒயினின் மேல்மட்டம் கண்ணாடிச் சுவரை ஒட்டிச் சற்று மேலேறி நிற்கும். அந்த வளைவின் அடிப்பகுதி கோட்டைத் தொடுவதைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்; மேலிருந்து குனிந்து பார்த்தால் 0.2 மி.லி. வரை பிசகும்.

50 மி.லி. கிண்ணத்தை அடிப்படையாக வைத்தால் கணக்கு எளிது. 1 மி.லி. வெள்ளையும் 49 சிவப்பும் சேர்ந்தால் இரண்டு சதவீதம், 2 மி.லி.யும் 48-உம் நான்கு, அப்படியே ஆறு, எட்டு, பத்து, 10 மி.லி. வெள்ளையும் 40 சிவப்பும் சேர்ந்தால் இருபது. கலக்காத ஷிராஸ் ஒரு கிண்ணம் எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

புதுச்சேரியில் இந்த வேலையின் பெரும்பகுதி வெப்பத்தோடு போராடுவதுதான். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்நாட்டு அறைகளை மனத்தில் வைத்துச் சொன்னது. மாசியிலேயே எங்கள் வீட்டுக் கூடத்தில் 30 பாகை. அந்தச் சூட்டில் ஊற்றினால் முதலில் சாராய நெடிதான் மூக்கைத் தாக்குகிறது, அதற்கு அடியில் என்ன வாசனை இருந்தாலும் தெரிவதில்லை. 16 முதல் 18 பாகைக்குள் ருசிப்பது என்று வைத்துக்கொண்டேன். குளிர்பதனப் பெட்டியில் பாட்டில் அந்த நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுக்கிறது. வாளியில் பாதி பனிக்கட்டியும் பாதி தண்ணீருமாக நிரப்பிக் கழுத்துவரை அமிழ்த்தினால் இருபது நிமிடம் போதும். ஆனால் கிண்ணமும் 30 பாகையில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 15 பாகையில் ஊற்றிய ஒயின் கிண்ணத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு உடனே 17-ஐத் தொட்டுவிடுகிறது. குளிர்சாதனம் உள்ள அறையில் 24 பாகையில் கிண்ணங்களை முன்கூட்டியே அடுக்கிவைத்து, ஒவ்வொன்றையும் சிறு சில்வர் மூடியால் மூடிவிட்டு, அதன் பிறகு ஊற்றியபோதுதான் பத்து நிமிடமாவது நிதானமாக முகர முடிந்தது.

நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் பதினோரு மணிக்குமேல் நாலு வீட்டுத் தாளிப்பு ஒரே சமயத்தில் எழும். காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைதான் காற்று சுத்தம். அன்று காலையில் காப்பி கிடையாது, நெற்றிக்கு வாசனை விபூதி கிடையாது, கொசுவர்த்தி முந்தின இரவே அணைந்திருக்க வேண்டும். வாயைச் சரிசெய்ய உப்புக் குறைவான நீள ரொட்டியும் வெள்ளரிக்காயும் வைத்தேன். ஊரில் இந்த ரொட்டி எந்த அடுமனையிலும் காலையிலேயே கிடைப்பது ஒரு வசதி. துப்புவதற்கு ஆளுக்கொரு சில்வர் சொம்பு. விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது கிண்ணத்துக்குமேல் எழுதும் குறிப்பை நம்ப முடியாது.

முதல் சுற்றைச் செனின் பிளாங்க்கோடு நடத்தினேன், அது கையில் இருந்தது என்பதால். நான்கு சதவீதத்தில் ஷிராஸின் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு லேசாகத் தளர்ந்தது, புளிப்பு சற்றுக் கூர்மையானது. மூக்கில் எந்த மாற்றமும் இல்லை. பத்துக்குமேல் ஒரு தித்திப்பு தட்டுப்பட்டது. நம் நாட்டுச் செனின் பிளாங்க் ஒயின்கள் பலவற்றில் கொஞ்சம் சர்க்கரை மிஞ்சியிருக்கும். என் பாட்டிலும் அந்த வகைதான். இனிப்பு உள்ளே வந்துவிட்டால், மென்மை திராட்சையால் வந்ததா சர்க்கரையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கலப்பதற்கு எடுக்கும் வெள்ளை முற்றிலும் இனிப்பற்றதாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சுற்றில் கிடைத்த பாடம்.

அடுத்து வியோனியே. அதைத் தனியாக ஊற்றியபோதே கிண்ணத்துக்கு மேலே குனியும் முன் வாசனை வந்துவிட்டது. ஐரோப்பியர் இதை ஆப்ரிகாட் பழம், ஹனிசக்கிள் பூ என்று வருணிப்பார்கள். எங்கள் மேசையில் அந்தப் பழத்தைப் பச்சையாகச் சாப்பிட்டவர் சித்தப்பா ஒருவர்தான். சித்தி முகர்ந்துவிட்டு, “தனியாவ வறுக்கறதுக்கு முன்னாடி கையில நசுக்குனா வருமே, அதுடா” என்றார். அடுக்களைக்குப் போய் நாலு விதையை உள்ளங்கையில் வைத்து விரலால் நொறுக்கிப் பார்த்தேன். முதல் நொடியில் காரமோ மண்வாசனையோ இல்லாமல், எலுமிச்சைத் தோலும் பூவும் கலந்த ஒரு குளிர்ந்த மணம் எழுந்து, கை சூட்டில் சீக்கிரம் மறைந்தது. கிண்ணத்தில் இருந்ததும் அதே மணம்தான். கொத்தமல்லி விதை எண்ணெயின் பெரும்பகுதியாக இருக்கும் லினலூல் என்ற பொருள் வியோனியே திராட்சையிலும் உண்டு. சித்தியின் மூக்கு நேராக அதில் போய் நின்றிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் குறிப்பேட்டில் ஆப்ரிகாட் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தனியா என்றே எழுதினோம்.

கலவை வரிசையில் இரண்டு சதவீதம் கலக்காத ஷிராஸுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய அதேபோல இருந்தது. நான்கில், கிண்ணத்தைச் சுழற்றியவுடன் மேலே ஒரு பூவாசனை, அதைத் தொடர்ந்து ஷிராஸின் மிளகும் கறுப்புப் பழமும் வழக்கம்போல. இரண்டும் தனித்தனியாக நிற்காமல் ஒரே ஒயினின் வாசனையாக இருந்தன. ஆறிலும் நன்றாகவே இருந்தது, ஆனால் நாக்கின் நடுப்பகுதியில் சற்றே எண்ணெய்ப்பசை சேர்ந்தது. எட்டில் மிளகு பின்வாங்கி வெள்ளை ஒயினின் மணம் மட்டும் தூக்கலாக நின்றது. பத்தில் துவர்ப்பின் பிடி தளர்ந்து, கடைசியில் ஒரு கசப்பு வந்தது. இருபதைப் பற்றி வாசனையில் சொல்வதைவிட நிறத்தில் சொல்ல வேண்டியது அதிகம் என்பதால் அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான்கு சதவீதத்தில் நான் கண்ட மென்மை வியோனியேவால் வந்ததா, அல்லது சிவப்பு ஒயின் நீர்த்துப்போனதால் வந்ததா என்ற கேள்வி உறுத்தியது. அதற்காக 48 மி.லி. ஷிராஸில் 2 மி.லி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கலந்து ஒரு கிண்ணம் வைத்தேன். அதன் அருகே செனின் பிளாங்க் நான்கு சதவீதம், வியோனியே நான்கு சதவீதம். தண்ணீர்க் கிண்ணத்தில் துவர்ப்பு குறைந்தது உண்மை. ஆனால் கூடவே எல்லாம் குறைந்தது, விழுங்கியபின் நிற்கும் சுவையும் சீக்கிரம் போயிற்று. வியோனியே கிண்ணத்தில் துவர்ப்பு அதே அளவு குறைந்தும் பின்சுவை நீண்டது. இப்படி ஒரு சோதனைக்கு நிற்கக்கூடியவர்கள் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுவிடக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். அதன் செலவு ஒன்றுமில்லை. அது இல்லாமல் மற்ற எந்தக் குறிப்புக்கும் மதிப்பில்லை.

இனி நிறம். கோத்-ரோத்தியில் வெள்ளைத் திராட்சை சேர்வதால் சிவப்பு வெளுப்பதில்லை, சில சமயம் ஆழமாகவும் ஆகிறது என்று படித்திருந்தேன். சிவப்புத் திராட்சைத் தோலின் நிறமிகள், நிறமற்ற வேறு சில பொருள்களோடு அடுக்காக ஒட்டிக்கொள்ளும்போது நிறம் கூடுகிறது. புதிதாகத் தயாரான சிவப்பு ஒயின்களின் நிறத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை இந்தச் சேர்க்கையால் வருவது என்று ஒயின் ஆய்வாளர் ரோஜர் போல்ட்டன் 2001-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வெள்ளைத் திராட்சையின் தோல் அந்த நிறமற்ற துணைப்பொருள்களைத் தொட்டியில் கொடுக்கிறது. என் மேசையிலும் நான்கு சதவீதக் கலவை கொஞ்சமாவது இருளும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அப்படி நடக்கவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து, ஒயின் விளிம்பில் மெலிந்து பரவும் இடத்தைப் பார்த்தால், கலந்தவுடன் நான்கு சதவீதக் கிண்ணமே ஒரு இழை வெளிறித் தெரிந்தது. நூற்றில் நாலு பங்கு நீர்த்தலைக் கண்ணால் காண முடியாது; வெளிறியதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அமிலமானியில் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) ஷிராஸ் 3.72, வியோனியே 3.41, கலவை 3.70. இந்தச் சிறு வேறுபாட்டால் நிறம் மாறாது. மிஞ்சியது, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடு. வெள்ளை ஒயினில் வழக்கமாக இது சிவப்பைவிட அதிகமாகவே, வேறு பொருள்களோடு பிணையாமல் தனித்து இருக்கும். சிவப்பு நிறமியைத் தற்காலிகமாக வெளுக்கச் செய்யும் குணமும் அதற்கு உண்டு. கலவையை 200 மி.லி. பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி, குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்துவிட்டு எடுத்தபோது வெளிறல் ஏறக்குறைய மறைந்திருந்தது. வாசனையும் அதே ஒரு நாளில் நன்றாகப் பொருந்தியிருந்தது. கலந்தவுடன் ருசித்து எழுதிய குறிப்புகள் அனைத்தையும் இந்தக் காரணத்தால் அடித்துவிட்டு, மறுநாள் ருசித்ததை மட்டுமே வைத்துக்கொண்டேன்.

இருபது சதவீதத்தை எவ்வளவு நாள் தேக்கினாலும் பயனில்லை. ஐந்தில் ஒரு பங்கு நீர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு நிறம் குறையும் என்று நினைப்போம். அதைவிடக் கூடுதலாகவே குறைகிறது, ஏனென்றால் நீர்க்கும்போது ஒட்டியிருந்த அடுக்குகளும் பிரிந்துவிடுகின்றன. தட்டின்மேல் அது நாட்பட்ட மாதுளைச் சாறுபோல இருந்தது. ஒரே திராட்சை தொட்டியில் பழமாகச் சேர்ந்தால் நிறத்தைத் தாங்குகிறது, கிண்ணத்தில் ஒயினாகச் சேர்ந்தால் நிறத்தைக் கரைக்கிறது. தோலும் சிவப்பு நிறமியும் நொதிக்கும்போதே ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆம்பூய் விதி ஏன் வற்புறுத்துகிறது என்பது இந்த ஒரு கிண்ணத்தைப் பார்த்தபிறகு எனக்கு விளங்கியது. சிவப்பையும் வெள்ளையையும் கலந்து ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயின் தயாரிக்க அனுமதிப்பதென ஐரோப்பிய ஆணையம் 2009-இல் கொண்டுவந்த யோசனை, உற்பத்தியாளர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டதும் நினைவுக்கு வந்தது. ஷாம்பெய்ன் ரோஸேவுக்கு அப்படிக் கலக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது.

இத்தாலியின் கியாந்தி என்னும் சிவப்பு ஒயின் இதற்கு எதிர்ப்பக்க உதாரணம். அங்கே 1872-இல் ஒயின் தயாரிப்பாளர் பெத்தினோ ரிக்காசோலி வகுத்த சேர்மானத்திலேயே மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை இருந்தது. ஆனால் நாட்படுத்தி வைக்கவேண்டிய ஒயினுக்கு அது தேவையில்லை என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1967-இல் வந்த சட்டம் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டு, 10 முதல் 30 சதவீதம் வெள்ளையைக் கட்டாயமாக்கியது. கியாந்தி கிளாசிகோ பகுதி 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சையை முற்றாக நீக்கிவிட்டது. என் பத்து சதவீதக் கிண்ணத்தை ருசித்தவர் எவருக்கும் அந்த நீக்கத்தில் வியப்பு இருக்காது.

அடுத்து, எந்தக் கிண்ணத்தில் எது என்று தெரியாமல் ருசிக்கும் சோதனையை நடத்தினோம். மூன்று கிண்ணங்கள், அவற்றில் இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மட்டும் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒன்று சரியாக வரும். ஆகவே ஒன்பது முறை நடத்தினால் குறைந்தது ஆறு முறை சரியாகச் சொன்னால்தான் அதைத் தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். சித்தப்பா, சித்தி, பக்கத்து வீட்டு நண்பர் ஆகிய மூவரும் ஆளுக்கு மூன்று முறை. ஊற்றுவதும் மூன்று இலக்க எண் எழுதி ஒட்டுவதும் என் வேலை. எனக்கு விடை தெரியும் என்பதால் நான் ருசிக்கவில்லை, அவர்கள் முகர்ந்து முடிக்கும்வரை அறைக்குள்ளும் நிற்கவில்லை. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்காமலிருக்க, கிண்ணத்தின் வெளிப்புறத்தில் கறுப்புக் காகிதம் சுற்றினேன்.

இரண்டு சதவீதத்துக்கு ஒன்பதில் நான்கு சரி. அதாவது ஊகம். நான்கு சதவீதத்துக்கு ஒன்பதில் ஏழு. “எது கலந்ததுன்னு எனக்குத் தெரியலடா, ஆனா நடுவுல இருக்கறது மட்டும் முதல்ல மூக்குல ஏறுது” என்று சித்தப்பா சொன்ன கிண்ணம்தான் கலவை. மூவரில் சித்தி மட்டும் மூன்று முறையும் தவறாமல் எடுத்தார். அவரோடு பேசிப் பார்த்ததில், ஷிராஸில் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த மிளகு வாசனை அவருக்கு வருவதே இல்லை என்று தெரிந்தது. “மிளகெல்லாம் எங்க வருது, நீங்களா சொல்லிக்கிறீங்க” என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அது குறையும் இல்லை, கற்பனையும் இல்லை. ஷிராஸிலும் கறுப்பு மிளகிலும் அந்த மணத்தைக் கொடுக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் 2008-இல் அடையாளம் கண்டார்கள். சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது சுத்தமாகத் தெரியவில்லை என்பதையும் அவர்களே பதிவு செய்தார்கள். மிளகு மறைக்காத மூக்குக்குத் தனியா எளிதாகத் தெரிந்திருக்கலாம் என்பது என் அனுமானம். எப்படியானாலும், ஒரு கலவையைத் தீர்மானிக்கும் மேசையில் இப்படிப்பட்ட ஒருவராவது இருப்பது நல்லது. அவர் கேட்கும் கேள்வி மற்றவர்களைத் திரும்ப முகர வைக்கிறது.

கடைசியாகக் கோத்-ரோத்தியைத் திறந்து நான்கு சதவீதக் கலவைக்குப் பக்கத்தில் வைத்தோம். அதன் விலை லியோனில் 45 யூரோ. முதல் வாசனையில் இரண்டுக்கும் உறவு இருப்பதை மூவருமே ஒப்புக்கொண்டார்கள். அதே பூ, அதே மிளகு. ஆனால் பிரெஞ்சு ஒயினில் பூவாசனை மேலே தனியாக மிதக்காமல், துவர்ப்போடும் புளிப்போடும் இறுக நெய்யப்பட்டிருந்தது. அரைமணி நேரம் கழித்து முகர்ந்தாலும் அப்படியே இருந்தது. என் கலவையில் அரைமணி நேரத்தில் பூவாசனை பாதியாகி, வெறும் ஷிராஸ் மிஞ்சியது. குளிர்ந்த சரிவில் நிதானமாகப் பழுத்த பழத்துக்கும், நம் தக்காணத்து வெயிலில் பழுத்த பழத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு பங்கு; சேர்ந்து நொதித்ததற்கும் பிறகு கலந்ததற்கும் உள்ள வேறுபாடு இன்னொரு பங்கு. எது எவ்வளவு என்று என் மேசையில் பிரிக்க முடியாது. மதியம் மட்டன் குழம்போடு வைத்துக் குடித்தபோது கலவைதான் மேலாக இருந்தது என்பது என் தீர்ப்பு, சித்தப்பா இதை ஏற்கவில்லை. தனியா அரைத்துவிட்ட குழம்புக்கு அந்தப் பூவாசனை இயல்பாகச் சேர்ந்தது. கோத்-ரோத்தியின் நுணுக்கம் காரத்தில் அடிபட்டுப்போயிற்று.

மொத்தச் செலவு ஒயினும் கருவிகளும் சேர்த்து 8,000 ரூபாய்க்குச் சற்று மேல். கருவிகள் கையில் இருப்பதால் அடுத்த சுற்று பாதியில் முடியும். அடுத்த முறை மாற்றப்போவது சில உண்டு. அளவு உருளைக்குப் பதிலாக, நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். இரண்டு ஒயின்களின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், எடையில் நூற்றுக்கு நான்கு என்பது கொள்ளளவிலும் நூற்றுக்கு நான்காகவே வரும், கண்மட்டம் பார்க்கும் தொல்லையும் இல்லை. வியோனியேவை ஒரே பாட்டிலாகத் திறந்து வைக்காமல், திறந்த அன்றே சிறு பாட்டில்களில் முழுக்க நிரப்பிப் பிரித்துவிடுவேன். மூன்றாம் நாள் ஊற்றியதில் பூவாசனை தளர்ந்திருந்ததைக் கவனித்தேன். நான்குக்கும் ஆறுக்கும் இடையே ஐந்தை முயலவில்லை, அதையும் பார்க்க வேண்டும். கலவையை ஒரு நாளுக்குப் பதில் ஒரு வாரம் தேக்கினால் அந்த அரைமணி நேர வாசனை இன்னும் கொஞ்சம் நீளுமா என்பதற்காக, நான்கு சதவீதத்தில் இரண்டு பாட்டில்களைத் தேதி எழுதி ஒட்டிக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.